முள்சீத்தா இலையைப் பற்றிச் செல்விக்கு

திருச்சி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு உங்கள் வீட்டு நினைப்புதான். நாம் கல்லூரியில் படித்த காலத்தில் ஒவ்வொரு லீவுக்கும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து நம் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்ட மனுஷன். இரண்டாவது கீமோ முடிந்துவிட்டது, சாப்பாடு ஓரளவு இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் ஆறுதல்.

கீமோவை நிறுத்திவிட்டு முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கீமோவை நிறுத்தவே கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயத்தை அதோடு சேர்த்தும் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பை நிறைய இலை கொண்டுவந்து கொடுத்தது அன்பினால்தான், அவரிடம் முகம் சுளிக்காதே. ஆனால் அண்ணன் தம்ளரில் அது விழ வேண்டாம். ஏன் என்று கேட்பாய். முப்பது வருஷத்துக்கு மேல் செடிகளின் வேதியியலையே பாடம் நடத்தியவளிடம் கேட்டிருக்கிறாய், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம்" என்று இருக்கிறதே, அது காற்றில் பிறந்த கதை இல்லை. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் முள்சீத்தாவின் விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த ஒரு குடல் புற்றுச் செல் வகையின் மேல் அது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியத்தோடு வேலை செய்தது. ஒரே ஒரு செல் வகை, அதுவும் கிண்ணத்துக்குள். செய்தியை எழுதியவர்கள் இந்த இரண்டையும் வெட்டிவிட்டார்கள். நுரையீரலுக்கும் ஆய்வு உண்டு. 2014இல் மலாயா பல்கலைக்கழகத்தார் இலைச் சாற்றை ஏ549 என்ற செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். 1972இல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்த்துவரும் செல்கள் அவை. சாறு பட்டதும் அவை செத்தன.

எப்படிச் செத்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், பழுதானால் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு கசிந்து சைட்டோக்ரோம் சி என்ற புரதம் வெளியே வரும். அது காஸ்பேஸ் என்ற நொதிகளைக் கிளப்பிவிடும். அவை செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக்கும். பக்கத்துச் செல்களுக்குச் சேதம் இல்லாமல் துப்புரவாக முடியும் சாவு அது. புற்றுச் செல் என்பது இந்த ஏற்பாட்டுக்கு அடங்காமல் நழுவிய செல். அதை மறுபடியும் அந்தப் பாதைக்குத் தள்ளும் பொருள் எது என்று தேடுவது நியாயமான வேலை. மஞ்சள், கருஞ்சீரகம், வேம்பு, திராட்சைத் தோல் என்று நூற்றுக்கணக்கான செடிகளில் அப்படிப்பட்ட பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் கிண்ணத்தில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை, செல்வி. உப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாலும் அது சாகும். அந்தக் கிண்ணத்தில் கல்லீரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது, மூளையும் நரம்பும் கிடையாது. இவற்றையெல்லாம் விட்டுவைத்து, கட்டியை மட்டும் எட்டும் அளவு என்ன என்பதுதான் கேள்வி. அதற்குக் கிண்ணத்தில் பதில் கிடைக்காது.

முள்சீத்தா விஷயத்தில் இதை நான் பொதுப்படையாகச் சொல்லவில்லை. அதில் அன்னோனாசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியையே அது அடைத்துவிடும். சக்தி அற்றுப்போய்ப் புற்றுச் செல் சாகிறது. மூளைச் செல்லுக்கும் அதே சக்திதானே வேண்டும்? கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. அங்கே முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் வீட்டுப் பழக்கம். வழக்கமான மாத்திரைக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒருவகைப் பார்க்கின்சன் நோய் அந்தத் தீவில் வழக்கத்துக்கு மேல் இருப்பதையும், நோயாளிகள் பலர் இதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் என்பதையும் 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு அன்னோனாசினை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது மூளையில் நரம்புச் செல்கள் அழிந்தன. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் பயமுறுத்தவில்லை. தினம் இரண்டு வேளை கஷாயம் என்பது வேறு. அந்தச் செய்தியில் இதைச் சித்தர் மருந்து என்று போட்டிருப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். முள்சீத்தா அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த மரம். நம் சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை போன்ற கடுமையான சரக்கைக்கூடச் சுத்தி செய்து, அளவு பார்த்து, பத்தியம் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் சித்தர் பெயரை மட்டும் ஒட்டி விற்கிறார்கள். உயிருக்குப் பயந்து நிற்கிற குடும்பங்களிடம் இப்படிச் செய்வது பாவம்.

இனி நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. அண்ணனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறுவது பாக்லிடாக்செலும் கார்போபிளாட்டினும் என்று எழுதியிருந்தாய். இதில் பாக்லிடாக்செல் செடி மருந்துதான்! "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகை போதும்" என்று அண்ணன் அடம்பிடிக்கிறார் என்றாயே, அவரிடம் இந்தக் கதையைச் சொல்.

1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை உரித்து ஆய்வுக்கு அனுப்பினார். மரம் வெட்டுகிறவர்கள் ஒன்றுக்கும் உதவாது என்று கழித்துக்கட்டிய மரம் அது. வட கரோலினாவில் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் அந்தப் பட்டையில் புற்றுச் செல்லைக் கொல்வது எது என்று வருஷக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் பார்த்து, 1971இல் அந்தப் பொருளின், அதாவது பாக்லிடாக்செலின், மூலக்கூறு வடிவத்தை வெளியிட்டார்கள். அதன் பிறகும் அது அப்படியே கிடந்தது. 1979இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண்மணிதான் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். என் மாணவிகளிடம் இந்தப் பெயரை நான் சொல்லாமல் விட்ட வருஷம் கிடையாது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்களால் ஒரு கட்டமைப்பு எழும்பும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவார்களே, அந்த மாதிரி தேவைக்குக் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அதுவரை தெரிந்திருந்த மருந்துகள் சாரத்தைக் கட்டவே விடாதவை. பாக்லிடாக்செல் கட்டிய சாரத்தைப் பிரிக்க விடாது. செல் பாதியில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் நான் மேலே சொன்ன தற்சாவுப் பாதைக்குப் போகிறது.

அப்புறமும் எத்தனை முட்டுக்கட்டை! காய்ந்த பட்டையில் மருந்து ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து மருந்தாக மாற்றும் வழி கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இலை மறுபடி துளிர்க்கும் அல்லவா. மருந்து தண்ணீரில் கரையாது என்பது இன்னொரு தொல்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கரைத்தார்கள். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதால் ஆராய்ச்சியே நின்றுபோகும் நிலை வந்தது. ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் அண்ணனுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்களே, அது அதற்காகத்தான். 1992இல் கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுக்கு அனுமதி, 1998இல் நுரையீரலுக்கு. பட்டை உரித்த நாளிலிருந்து 36 வருஷம். எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவில் ஆள் தாங்கமாட்டார் என்பதை ஆயிரக்கணக்கான நோயாளிகள் தங்கள் உடம்பைக் கொடுத்து நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். கஷாயத்துக்குப் பின்னால் அந்த அறிவு இல்லை.

அண்ணன் பாதம் மரத்துப்போகிறது என்றாயே, அதற்கும் இந்த நுண்குழல்தான் காரணம். நரம்புக்குள் சரக்கு போய்வருகிற பாதையும் அதனால் ஆனதே. முதுகிலிருந்து பாதம் வரை போகும் நரம்புதான் மிக நீளம், அதனால் முதலில் அங்கே தெரிகிறது. "இதெல்லாம் சகஜம்" என்று சும்மா இருந்துவிடாதே. சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு நழுவுவது தெரிகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல். அளவைக் குறைப்பார்கள், அல்லது மருந்தை மாற்றுவார்கள். ஏற்கெனவே நரம்பு அடி வாங்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு நரம்பைத் தாக்கக்கூடிய இலையைக் கொடுப்பதா? நான் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

உங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் நித்தியகல்யாணி பயிர் பண்ணுவார்களே, ஆடு மாடு வாய் வைக்காத செடி. சுடுகாட்டுப் பூ என்று உன் அம்மா அதை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். அதன் கதையும் இதே மாதிரி. ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் அதன் இலைகளை உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார், ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு போய் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதன் வழியில் பிரான்ஸில் உருவான வினோரெல்பின் 1994இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது. சாரத்தைக் கட்டவிடாத ரகம் என்றேனே, இவைதான். இமயமலைப் பக்கம் வளரும் போடோஃபில்லம் செடியின் வழியாக வந்த எட்டோபோசைடு சிறுசெல் வகை நுரையீரல் புற்றுக்கு இன்றும் முக்கியமான மருந்து.

"கெடுதல் இல்லையே, கொடுத்துப் பார்ப்போமே" என்கிறாய். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏவும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடுதல், 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரட் நல்லதுதான். அதன் சத்தைப் பிழிந்து மாத்திரையாக, தினமும், புகைபட்ட நுரையீரலுக்குக் கொடுத்தபோது கெடுதலாகிவிட்டது. அண்ணன் பீடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தாலும் இந்தக் கணக்கு அவருக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்.

மஞ்சளைப் பற்றியும் கேட்டிருந்தாய். ரசத்திலும் குழம்பிலும் எப்போதும் போல் போடு, பயமே வேண்டாம். மிளகோடு சேர்த்த மஞ்சள் மாத்திரை மட்டும் வேண்டாம். மஞ்சளின் குர்குமின் உடம்பில் ஏறுவதே அபூர்வம். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் அது இருபது மடங்கு ஏறியது. கல்லீரல் பொருள்களைக் கழித்து அனுப்பும் வேலையைப் பைப்பரின் மட்டுப்படுத்துவதால்தான் அப்படி. பாக்லிடாக்செலைக் கழிப்பதும் அதே கல்லீரல்தான். அங்கே தடை விழுந்தால் மருந்து எவ்வளவு நேரம் தங்கும் என்று டாக்டரால் கணக்கிட முடியாது.

இனி நீ செய்ய வேண்டியவை. உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சலோடு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பச்சை இலைச் சாறு எதுவும் வேண்டாம், கீரையை நன்றாக வேகவைத்துக் கொடு. பயாப்ஸி எடுத்த சதைத்துண்டில் ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணுக்களின் மாற்றங்களைப் பார்த்தார்களா என்று கேள். நம் நாட்டில் நுரையீரல் புற்றில் அடினோகார்சினோமா என்ற வகை வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்த ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் கஷாயம் கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். திட்டினால் திட்டட்டும்.

இங்கே எனக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்தது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. சின்னவள் மதுரைக்கு மாற்றலாகி வருகிறாள், அதனால் தை பிறந்ததும் உங்கள் பக்கம் வருவது எளிது. பொங்கலுக்கு முன்பே வேண்டுமானாலும் சொல், நான் வந்து ஒரு வாரம் உன்னோடு ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி இருக்கிறேன். நீ ஒருத்தியாகவே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணியையும் கொஞ்சம் தூங்கச் சொல்.

பயாப்ஸி அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் படம் எடுத்து இன்றே அனுப்பு. அடுத்த கீமோவுக்கு முன்னால் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். மறக்காதே.

அன்புடன்,
கமலா