மாணிக்கத்துக்கு, பர்மா தன்லினிலிருந்து

மாணிக்கம்,

மூட்டுவலி எப்படி இருக்கிறது, கேட்டாயிற்று. இங்கே எல்லாரும் இருக்கிறோம், சொல்லியாயிற்று. உன் செய்திக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் கரண்டைக் காரணம் சொல்லலாம், பாதி உண்மைதான், அது வருகிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மோட்டாருக்கும் ரைஸ் குக்கருக்கும் போன் சார்ஜுக்கும் வீட்டில் தினமும் அடிதடி. மீதிப் பாதி, நான் ஒரு குருவிக்கூட்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே. வேலாயுதத்தின் ஆட்டுக் கதையை இப்போது எடுக்காதே.

பின்பக்கம் கிணற்றடியில் நுணாக் கன்று ஒன்று தானாக முளைத்து ஆளுயரம் வந்திருக்கிறது. லெட்சுமி கறிக்கு இலை பறிக்கப் போனவள் கையை நீட்டியதும் பேரன் குமரன் "அப்பாயி, தொடாதே!" என்று போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போய்ப் பார்த்தால், தையல்சிட்டு. நம் ஊரில் இல்லாததில்லை, வேலி வேலியாகத் திரிவதுதான், நெற்றியில் செங்கல் நிறம், வால் நட்டுக்கொண்டு நிற்கும், உடம்பு பத்து கிராமைத் தாண்டாது, சத்தம் மட்டும் தெருமுனை வரை. ஆனால் அது தைத்ததை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. பெரிய இலை ஒன்றின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இழுத்து, அலகால் குத்தித் துளை போட்டு, சிலந்தி நூலையும் பக்கத்து வீட்டு இலவம்பஞ்சையும் நுழைத்திருக்கிறது. முடிச்சு எதுவும் போடுவதில்லை. துளைக்கு வெளியே வந்த பஞ்சு பிரிந்து உப்பிக்கொள்கிறது, அதனாலேயே உருவி வராமல் நிற்கிறது. இலை காம்போடுதான் இருக்கிறது, பச்சை மாறவில்லை, முழங்கை தூரத்தில் நின்றாலும் உள்ளே கூடு இருப்பது தெரியாது. தைப்பதெல்லாம் பெட்டைதானாம். தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பொங்கலுக்குத் தருவாரே நம் டெய்லர் அண்ணன், அவரைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடைகாத்துக்கொண்டிருந்தது, எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒருநாள் காலையில் லெட்சுமி கூட்டின முற்றத்தில், கன்றுக்கு நேர்கீழே, செம்புள்ளி போட்ட வெளிர்நீல முட்டைகள் உடைந்து கிடந்தன. காக்கை என்றாள். காக்கையாக இருந்தால் தின்றிருக்காதா? குமரன் சின்னக் கண்ணாடியைக் கம்பில் கட்டி மேலே பிடித்துப் பார்த்தான். உள்ளே ஒரே ஒரு குஞ்சு, மயிரில்லை, கண் திறக்கவில்லை, ஆனால் தையல்சிட்டுக் குஞ்சுக்கு அது ரொம்பப் பெரிசு.

கோடை முழுக்க, ராத்திரியில்கூட, மாமரத்தில் ஒன்று இழுத்து இழுத்து அழுதுகொண்டே இருந்தது, நான்கூட உன்னிடம் புலம்பினேனே, அதன் வேலை. சாம்பல் நெஞ்சு, துருநிற வயிறு, சின்னக் குயில். ஆங்கிலத்தில் பிளெயின்டிவ் கக்கூ என்று குமரன் தேடிக் கண்டுபிடித்தான். பெட்டை நகர்ந்த நேரம் பார்த்து வந்து, இருக்கிற முட்டையில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் ஊரெல்லாம் கூவுகிறதே, அந்தக் குயில் எவ்வளவோ மேல். அதுவும் காக்கைக் கூட்டில்தான் இடும், ஆனால் அதன் குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தும் வளரும். இதன் குஞ்சு முந்திப் பொரிந்து, பிறந்த சில நாளிலேயே முதுகை முட்டைக்கு அடியில் கொடுத்து, காலை உதைத்து விளிம்புக்கு ஏற்றி வெளியே தள்ளுகிறது. கண் தெரியாமலே! இதை யார் சொல்லிக் கொடுத்தது?

வீடு மூன்றாகப் பிரிந்துவிட்டது. எடுத்துத் தூர எறி என்கிறாள் லெட்சுமி. பக்கத்து வீட்டு டோ மியா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, உயிரைத் தொட்டால் இதுவரை சேர்த்த குதோ, அதான் புண்ணியம், எல்லாம் போய்விடும் என்கிறார். குமரன் ஒன்றும் சொல்லாமல் பழைய பள்ளிக்கூட நோட்டில் எத்தனை தடவை இரை வந்தது என்று கோடு போடுகிறான். நியாயமாகப் பார்த்தால் லெட்சுமி கட்சிதான் சரி, இதை எடுத்துவிட்டால் அவை சீக்கிரம் வேறு கூடு கட்டி வேறு முட்டை இடும், மழைக்காலம் இன்னும் கிடக்கிறது. ஆனாலும் நான்தான் தடுத்தேன். ஏன் என்று அவள் இன்றைக்கும் கேட்கிறாள், என் கையில் பதில் இல்லை. வாயைத் திறந்து கேட்கிறதை எப்படி எறிவது?

அப்புறம் அது வளர்ந்தது பார், மாணிக்கம், தையல் விட்டுப்போய்க் கூடு ஒருபக்கம் தொங்கியது. ஆணும் பெட்டையும் பச்சைப் புழுவாகக் கொண்டுவந்து திணிக்கின்றன, திணிக்கும்போது அந்தத் தாயின் தலையே அதன் வாய்க்குள் போய்விட்டு வருகிறது. யாரோ இப்படி ஒரு படத்தைப் போட்டுத் தாய்மைக்கு ஈடேது என்று எழுதியிருந்ததைச் சாந்தா அனுப்பியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இதில் என்ன தாய்மை? திறந்த வாயைக் கண்டால் போடாமல் இருக்க அதற்கு முடியவில்லை, அவ்வளவுதான். இளைத்து, வால் இறகு தேய்ந்து, மழையில் நனைந்துகொண்டு ஓடுகிறது. பார்க்கிற நமக்கு இனிக்கிறதாக்கும்.

குமரன் ஏன் பகலெல்லாம் கிணற்றடியிலேயே இருக்கிறான் என்று நீ கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த அந்தக் கட்டாயப் பட்டாள அறிவிப்புக்கு அப்புறம் 18க்கு மேல் 35க்குள் ஆண்பிள்ளை இருக்கிற வீடுகளெல்லாம் இப்படித்தான். பீலிக்கான் கோயிலுக்குக்கூட அவனை அனுப்புவதில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் லெட்சுமி முதலில் பின்கட்டைத்தான் பார்க்கிறாள். எதற்கும் பிடிகொடுக்காமல் கிடந்தவன் இந்தக் கூடு வந்த பிறகு பேச ஆரம்பித்திருக்கிறான், சாப்பிடும்போதுகூட அலகு, இறகு என்றுதான் பேச்சு. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், குருவிக்காக மட்டும் இல்லை.

குயில்குஞ்சு போன வாரம் கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. மாமரத்தில் உட்கார்ந்து கத்துகிறது, இன்னமும் இவைதான் ஊட்டுகின்றன. லெட்சுமி அதைத் திட்டிக்கொண்டே பூனையை விரட்டுகிறாள்.

உன் மருமகன் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போகிறவன் என்று சொன்னாயே, அவனிடம் பழைய பைனாகுலர் ஏதாவது சும்மா கிடந்தால் கேட்டுப் பார். மூடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை. ஆடியில் சாந்தா வீட்டு ஆள் இந்தப் பக்கம் வருவார், துணிக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடு. காசு தருகிறேன் என்றால் நீ வாங்கமாட்டாய், லப்பே, அந்தத் தேயிலை ஊறுகாய், அனுப்புகிறேன், பூண்டு தூக்கலாக. போன தடவை அனுப்பியதை வழியில் யார் தின்றார்கள் என்கிற விசாரணை இன்னும் முடியவில்லை என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

கருப்பையா