இந்த வார வேதபாடம்: பிசாசின் மேல் அதிகாரம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் லூக்கா 10:17-20. சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் தருகிற 19-ஆம் வசனம் பலருக்கும் மனப்பாடம். அடுத்த வசனத்துக்குத்தான் யாரும் போவதில்லை. ஆவிகள் கீழ்ப்படிவதற்காக அல்ல, உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார் இயேசு.

அப்புறம் அப்போஸ்தலர் 19:13-16-ஐயும் வாசித்து வாருங்கள். எபேசு பட்டணத்தில் ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் குமாரர் ஏழு பேர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரை இரவல் வாங்கிப் பிசாசு துரத்தப் பார்க்கிறார்கள். “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?” என்று கேட்கிறது அந்த ஆவி. அப்புறம் என்ன, பிசாசு பிடித்திருந்த அந்த ஒரே ஆள் அவர்கள்மேல் பாய்ந்து அடிக்க, காயத்தோடு ஆடையில்லாமல் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். (முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.)

சத்தமாக அதட்டினால் அதிகாரம் கூடுமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். மாற்கு 9:29-ஐப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.