இந்த வருஷமும் கொலு வை

மதுரை
ஆவணிக் கடைசி வாரம்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மழை பெய்தால் அப்பாவுக்கு முட்டி வலி கூடுகிறது, மற்றபடி தினமும் தேரடி வரை நடந்து போய் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "ஒண்ணு கார்டுல போட்டு நல்லா செய்யணும், இல்லன்னா இந்த வருஷம் கொலுவே வேண்டாம்மா. வர்றவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியாது" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், வேலை போய் நாலு மாசமாக வீட்டில் இருக்கிறவர் காதில் பணப் பேச்சு விழ வேண்டாம் என்று நினைத்தேன். மாடி வீட்டுத் தம்பி புதன்கிழமை புனேவுக்கு ரயில் ஏறுகிறான். அவனிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன், அதில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு நிதானமாகப் படி.

முதலில் அந்தக் கிரெடிட் கார்டு விஷயம். அது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு, உன்னிடம் இத்தனை நாள் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2002-ல் உன் சடங்கை மண்டபம் பிடித்துச் செய்தோம். உனக்குப் பதிமூன்று வயசு. வீடியோ, மேளம், இலைக்கு மூணு கூட்டுப் பொரியல் என்று எதையும் விடவில்லை. அப்பாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசைதான். மொய் வரும், அதில் கட்டிவிடலாம் என்று இருபதாயிரம் பத்து வட்டிக்கு வாங்கினோம். நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய். முதல் மாச வட்டியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டாயிரம்தான் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை ராத்திரி வரை விடவில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. சோறு அண்டா அண்டாவாக மிஞ்சியது. மொய் நோட்டில் எழுதாத பக்கம்தான் அதிகம்.

அப்புறம் பதினாலு மாசம் வட்டி மட்டும் கட்டினோம். கூட்டிப் பார், இருபத்தெட்டாயிரம். அசல் அப்படியே நின்றது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-ல் வந்தபோது அப்பா டீக்கடைப் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிற தைரியம் எங்கள் ரெண்டு பேருக்கும் இல்லை. கடைசியில் என் அம்மா எனக்குப் போட்டுவிட்ட ஏழுகல் தோட்டை விற்று அசலைக் கட்டினோம். உன்னிடம் தோடு தொலைந்துபோய்விட்டது என்று சொன்னேன். நீ அதை நம்பி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் துவைக்கிற கல்லுக்குப் பின்னாலும் ரெண்டு நாள் தேடினாய். நீ தேடுவதைப் பார்த்துக்கொண்டு நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அதற்காக அம்மாவை மன்னித்துவிடு.

கார்டுக்காரன் பத்து வட்டி கேட்கமாட்டான். ஆனால் மாசத்துக்கு மூணு, மூணரை வட்டி ஆகும் என்று மாடி வீட்டுத் தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான். சம்பளம் வருகிற வீட்டுக்கே அது பாரம். வீட்டுக் கடன் தவணை வேறு தலைக்கு மேல் நிற்கும்போது, ஒரு பண்டிகைக்காக அதைத் தொடாதே.

அதற்காகக் கொலுவை நிறுத்து என்று சொல்ல வரவில்லை. நிறுத்தாதே என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

1991-ல் உனக்கு ரெண்டு வயசு. அப்பா வேலை பார்த்த மில்லில் ஆடி மாசம் கதவடைப்பு. நம் வளவில் எட்டு வீடு, அதில் ஆறு வீட்டு ஆம்பளைகளுக்கு அதே மில்தான். கொலு வைக்கிற வீடு நம்முடையது ஒன்றுதான், உன் அப்பத்தா காலத்துப் பொம்மைகள். அந்த வருஷம் நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கவே இல்லை. அமாவாசைக்கு முந்தின நாள் எதிர் வீட்டு ராக்கம்மா அக்கா வந்து, "ஏன் இன்னும் பொம்மைய எடுக்கல?" என்று கேட்டார். "சுண்டலுக்கு வழியில்லக்கா" என்றேன். "பொம்மை உன்னுது, சுண்டல் எங்களுது. வீட்டுக்கு ஒரு நாள்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் அக்கா வீட்டுத் தட்டைப்பயறு. இன்னொரு வீட்டில் ஊரிலிருந்து வந்த வேர்க்கடலை. கடைசி வீட்டுக்காரி கொள்ளு அவித்துக்கொண்டு வந்து, தூக்குவாளியைத் திறக்காமல் வாசலிலேயே நின்றாள். அதில் பூண்டு வேறு தட்டிப் போட்டிருந்தாள். நவராத்திரிக்கு யாரும் பூண்டு சேர்ப்பதில்லை. அக்கா தூக்குவாளியை வாங்கி, அம்மன் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி, எல்லார் கையிலும் ஒரு பிடி கொடுத்தார். ஒருத்தர் முகம்கூடச் சுளிக்கவில்லை. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்கு எல்லார் காசையும் சேர்த்துப் பொரிகடலையும் வெல்லமும் வாங்கினோம். மில் திறக்கிற வரைக்கும் அந்த எட்டு வீட்டில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்றாலும் மற்ற வீட்டுக்குத் தெரிந்துவிடும். தினமும் சாயங்காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினதால் வந்த பழக்கம் அது.

நீயும் அப்படிக் கேட்டுப் பார். மாப்பிள்ளை வேலை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை என்றாய். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து செய்யலாம், ஆளுக்கு ஒரு நாள் சுண்டல்" என்று சொன்னால் போதும். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து வீடு இருக்கிறார்கள். மராத்திக்காரர்களுக்கும் இது புதுசு இல்லை. போன வருஷம் நான் வந்திருந்தபோது கீழ் வீட்டம்மா அவர்களுடைய நவராத்திரிக் கொண்டாட்டம் போண்ட்லாவுக்குக் கூப்பிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? பலகையில் யானைப் படம் போட்டு நடுவில் வைத்து, பெண்பிள்ளைகள் கைகோத்துப் பாடிக்கொண்டே சுற்றினார்கள். முடிந்ததும் மூடின டப்பாவைக் குலுக்கி, உள்ளே என்ன பலகாரம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கிராபத் என்று அந்தப் பலகாரத்துக்குப் பேர். சின்னது பெரியது எல்லாம் லட்டு, சங்கர்பாளி, கடலை மிட்டாய் என்று கத்தியதில் கூரை பறந்துவிடும் போல் இருந்தது. திறந்தால் அவல் மிக்சர். பேத்தி யாழினி மூணு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுச் சுண்டலையும் அப்படி மூடி வைத்துக் கேட்கச் சொல், அவளே எல்லாரையும் கூப்பிட்டுவிடுவாள்.

இன்னொன்று. போன வருஷம் நாற்பத்தைந்து பேரை ஒரே சனிக்கிழமை கூப்பிட்டாய். வாடகைக்கு நாற்காலி, பேப்பர் தட்டு, கூல்டிரிங்க்ஸ் என்று எவ்வளவு போனது! உன்னாலும் யாரோடும் ரெண்டு வார்த்தை பேச முடியவில்லை. இந்த வருஷம் ஒரு நாளைக்கு அஞ்சு பேர். கால் கிலோ கடலை ஊறி வெந்தால் அரைக் கிலோவுக்கு மேல் வரும், அஞ்சு பேருக்குத் தாராளம். ஒன்பது நாளைக்கும் சேர்த்து ரெண்டேகால் கிலோ பயறுதான். வருகிறவர்களைப் பாய் விரித்து உட்கார வை. ஒரு பாட்டுப் பாடச் சொல்.

பணம் போகிற இடம் சுண்டல் இல்லை, வந்தவர்களுக்கு நீ கொடுத்த அந்த எவர்சில்வர் டப்பா. ஒன்று 120 ரூபாய், நாற்பத்தைந்து பேருக்கு 5,400 ரூபாய். அதே மாதிரி டப்பா நாலு வீட்டிலிருந்து உனக்கும் வந்தது, பரணில் கிடக்கிறது. ரெண்டு வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு, துளி குங்குமம், ஒரு வாழைப்பழம் கொடு. இங்கே ஒருத்தருக்குப் பதினைந்து ரூபாய்க்குள் முடிகிறது. வெற்றிலையை உதிரியாக வாங்காமல் கவுளியாக வாங்கினால் நூறு இலை இருக்கும், ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதைத் தாம்பாளத்தில் வைத்து, அவர்களை உட்காரச் சொல்லி, நெற்றியில் குங்குமம் வைத்து இரண்டு கையாலும் கொடு. உன் அப்பத்தா அப்படித்தான் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் யாரும் அதைக் குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுண்டலுக்கு வருகிறேன். கொண்டைக்கடலையும் காய்ந்த பட்டாணியும் ராத்திரியே ஊறட்டும். ஆபீஸ் போய்க் களைத்து வருகிற நாளில் பாசிப்பருப்பு போடு, அரை மணி ஊறினால் போதும், குக்கரே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, எடுத்து நசுக்கினால் நசுங்க வேண்டும், முழுசாகவும் இருக்க வேண்டும், அந்தப் பதத்தில் வடித்துவிடு. தேங்காய் இப்போது யானை விலை. ஒரு மூடியைத் துருவி, பாதியை அடுப்பை அணைத்த பிறகு கலந்து, மீதியைப் பரிமாறும்போது மேலே தூவு. கேரட் மலிவாகக் கிடைத்தால் அதையும் துருவிச் சேர், எலுமிச்சை பிழிந்தால் எடுப்பாக இருக்கும். பெருங்காயத்தில் மட்டும் கை சுருக்காதே.

வெள்ளிக்கிழமை புட்டு செய். அரிசி மாவைச் சிவக்க வறுத்து உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொள். பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். ஆவியில் வேக வைத்து ஆற விடு. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார். உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும், அப்போது இறக்கி மாவில் ஊற்றிக் கிளறினால் பொலபொலவென்று வரும். பாகு இளகலாக இருந்தால் களியாகிவிடும். 2019-ல் உனக்கு அப்படித்தான் ஆனது, சொட்டைப் போட்டுப் பார்க்காமல் ஊற்றிவிட்டாய்.

இரும்புப் படி வாங்காதே, வாடகைக்கும் எடுக்காதே. பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளில் பழைய புத்தகங்களை அடுக்கினால் கனமாக நிற்கும். பின்னால் ரெண்டு சூட்கேஸ், நடுவில் பெட்டிகள், முன்னால் டீப்பாய் என்று வைத்தால் மூணு படி. மேலே அப்பாவின் எட்டு முழ வேட்டியை விரித்துக் குண்டூசி குத்து, வேட்டியைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். படி கட்டும் வேலையை மாப்பிள்ளையிடம் விடு. 1991-ல் அப்பாதான் கட்டினார். மில் மூடினதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், தகரப் பெட்டியையும் பெஞ்சையும் இழுத்துப் போட்டு, உயரம் சரியில்லை என்று செங்கல் தேடி அலைந்தார். அன்றைக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

கொலுவில் வைக்கிற பார்க் யாழினி பொறுப்பு. ஒரு பழைய தட்டில் மண்ணைப் பரப்பி, ஒரு பக்கம் வெந்தயம், ஒரு பக்கம் கேழ்வரகு தூவச் சொல். அமாவாசைக்கு மூணு நாளைக்கு முன்னால் தூவினால் முதல் நாளே முளை தெரியும், நாலாம் நாள் புல் மாதிரி நிற்கும். தண்ணீரைத் தெளிக்க மட்டும்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. உன் கைக்கண்ணாடியைக் குளமாக வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வருஷத்துப் புதுப் பொம்மையை நானே வாங்கிவிட்டேன். போன வாரம் அப்பாவும் நானும் விளாச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். வீட்டுக்கு வீடு திண்ணையில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. செட் பொம்மைகளெல்லாம் ஆயிரக்கணக்கில் சொன்னார்கள். ஒற்றையாக ஒரு தயிர்க்காரி இருந்தாள், 150 ரூபாய். கண் எழுதி இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து காயவைத்து வாங்கி வந்தோம்.

பெட்டியில் தயிர்க்காரி பழைய சேலைத் துணியில் சுற்றியிருக்கிறாள். மரப்பாச்சி ஜோடி வேட்டி மடிப்புக்குள் இருக்கிறது. அதன் பழைய சட்டை நைந்துவிட்டதால் கழற்றிவிட்டேன், யாழினிக்குச் சின்னதாகிப்போன பட்டுப்பாவாடையின் கரையில் புதுசு தைத்துப் போடு. அப்பத்தாவின் கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல் பிடித்த கை விட்டுப்போயிருந்தது, அப்பா ஒட்டியிருக்கிறார். பெட்டி வந்து சேர்ந்ததும் முதலில் அந்தக் கை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா