யன்னாகிஸுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

முதலில் ஆட்டக்காரராகவும் பிறகு கோச்சாகவும் பெயர் எடுத்த, கிரேக்கக் கூடைப்பந்தின் 'டிராகன்' பனயோதிஸ் யன்னாகிஸுக்கு நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரைச் சுற்றி நின்றவர்களுக்காக இந்த மடல்.

முதல் நன்றி நிகேயா ஊருக்கு. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டி, ஆசியா மைனரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறி வளர்த்த ஊர் அது. அங்கிருந்த ஐயோனிகோஸ் என்ற சிறிய கிளப்தான் அவரை ஆளாக்கியது. 1981இல் அந்த கிளப்புக்காக, அரிஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். எதிரணியில் நிகோஸ் காலிஸ் 62. ஐயோனிகோஸ் 114-113 என்று ஜெயித்தது.

அடுத்த நன்றி அந்தக் காலிஸுக்கு. 1984இல் யன்னாகிஸ் அரிஸுக்கே போய்ச் சேர்ந்தார். 73 புள்ளி எடுக்கத் தெரிந்த ஒருவர், தன்னைவிட அதிகமாக அடிப்பவருக்குப் பந்தைக் கொடுத்து ஆட ஒப்புக்கொண்டார். அந்த ஜோடி இருந்தபோது அரிஸ் தொடர்ந்து ஏழு முறை கிரேக்க லீக்கை வென்றது. என்னைக் கேட்டால், அவர் கோச்சாக ஆரம்பித்தது அங்கேதான்.

ஆர்கிரிஸ் கம்பூரிஸை மறக்க முடியுமா? 1987 ஜூன் 14, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் சோவியத் யூனியன். கூடுதல் நேரத்திலும் 101-101. நான்கு விநாடிதான் மீதி. காலிஸ் 40 புள்ளிகள் எடுத்திருந்த அந்த ஆட்டத்தில் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்டான ஃப்ரீ த்ரோ போட, கோட்டில் வந்து நின்றவர் கம்பூரிஸ். இரண்டையும் போட்டார். கிரேக்கம் ஐரோப்பியச் சாம்பியன், யன்னாகிஸ் அதன் கேப்டன். அந்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களுக்காகவே தனியாக ஒரு மடல் எழுதலாம்.

1996இல் பனாதினைகோஸ் கிளப்போடு பாரிஸில் ஐரோப்பிய கிளப் பட்டத்தையும் வென்றுவிட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

அப்புறம் ஏதென்ஸின் புறநகர் அணியான மரூசி. 2002இல் அவரைக் கோச்சாக வைத்துக்கொண்ட அந்த கிளப், 2004இல் கிரேக்க லீக் இறுதிச்சுற்று வரை வந்தது. வசிலிஸ் ஸ்பனூலிஸ் என்ற இளம் ஆட்டக்காரர் அவரிடம் ஆடியது அங்கேதான். மரூசிக்காரர்களே, நீங்கள் செய்தது பெரிய காரியம்.

யன்னாகிஸ் கிரேக்க தேசிய அணியின் கோச்சாக இருந்த 2005 ஐரோப்பியக் கோப்பையில், பெல்கிரேடில் நடந்த அரையிறுதியில் கை நழுவிப்போன ஆட்டத்தைக் கடைசி மூன்று புள்ளி ஷாட்டில் மீட்டுத் தந்த டயமண்டிடிஸுக்கும் நன்றி. இறுதியில் ஜெர்மனியை 78-62 என்று வென்றபோது, கேப்டனாக வாங்கிய அதே கோப்பையை யன்னாகிஸ் கோச்சாகவும் வாங்கினார்.

மறுவருடம் ஜப்பானின் சைதாமாவில், உலகக் கோப்பை அரையிறுதியில், லெப்ரான், வேட், கார்மெலோ என்று நட்சத்திரங்களோடு இறங்கிய அமெரிக்காவை 101-95 என்று வீழ்த்திய பன்னிரண்டு பேருக்கும் என் வணக்கம். பாபாலூக்காஸ் பந்தோடு வருவார், மலைபோல ஸ்கோர்ட்சானிடிஸ் வந்து எதிராளியை மறிப்பார், அடுத்த நொடி வளையத்துக்கு அருகே பந்து அவர் கையில். அந்த பிக் அண்ட் ரோல் திரும்பத் திரும்ப வந்தது, அமெரிக்கர்களால் கடைசிவரை அதற்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பாபாலூக்காஸ் மட்டும் 12 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த 12 பாஸ். 22 புள்ளிகளோடு ஸ்பனூலிஸ் முன்னணியில்.

அந்த ஸ்பனூலிஸ் இப்போது கிரேக்க தேசிய அணியின் கோச். 2025 ஐரோப்பியக் கோப்பையில், ரீகாவில் பின்லாந்தை வென்று வெண்கலம் வாங்கித் தந்தார். அவருக்கும், அவரோடு பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் நன்றி.

அன்புடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகன்