லீவில் வேலைக்குச் சேரலாமா? பென்ஷன் வரப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். ராணுவத்திலிருந்து நீ பென்ஷனில் வர இன்னும் 11 மாதம். கையில் 60 நாள் ஆண்டு லீவு. அந்த லீவிலேயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்துவிடு, அப்புறம் வந்தால் இடம் இருக்காது என்று யாரோ சொல்கிறார்களாம்.

சேராதே. இதையே கேட்டு இன்னும் நாலு பேர் போன் செய்துவிட்டார்கள், அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் கதை இதுவரை உன் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

என் கடைசி லீவில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஏஜென்சி படிவத்தில் ‘முன்னாள் ராணுவத்தினரா?’ என்று ஒரு கட்டம். டிக் அடித்தேன். அதற்குக் கீழே ‘ஓய்வு பெற்ற நாள்’. பேனா அங்கேயே நின்றுவிட்டது. அந்த நாள் வர இன்னும் 71 நாள் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர், “போன மாசத் தேதி போடுங்க சார், யாரு பாக்கப்போறா” என்றார். போட்டேன். நம் ஆட்களைக் காட்டித்தான் அவர் அபார்ட்மெண்டில் கூடுதலாக பில் போடுகிறார் என்பது பின்னால்தான் புரிந்தது.

23-ஆம் நாள் யூனிட்டிலிருந்து போன். பென்ஷன் பேப்பருக்கு மனைவியோடு சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும், சீக்கிரம் வா என்றார்கள். ஏஜென்சியில் சம்பளம் கேட்டேன். மாதம் முடியவில்லை, யூனிஃபார்ம் காசு வேறு இருக்கிறது என்று கைவிரித்தார்கள். நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ‘அந்தத் தேதியில் நீ எங்கே இருந்தாய்?’ என்பதுதானே முதல் கேள்வியாக இருக்கும்! பணம் போனது கூடப் பெரிதில்லை. ராணுவம் விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வரும்வரை ஒழுங்காகத் தூங்கவில்லை. நாம் லீவில் வரலாம் தம்பி, 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டம் லீவில் போவதில்லை. அனுமதி இல்லாமல் வெளியே சம்பளம் வாங்கினாய் என்று ஒரு பெட்டிஷன் போனால் போதும், 17 வருஷச் சர்வீஸும் கேள்விக்குள்ளாகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்கூட்டியே வேலை தேட அரசே வழி வைத்திருக்கிறது. சர்வீஸ் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே மத்திய அரசு வேலைகளுக்கு முன்னாள் படைவீரர் கோட்டாவில் விண்ணப்பிக்கலாம். யூனிட்டில் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். தேர்வானாலும் காலம் முடிந்த பிறகுதான் விடுவிப்பார்கள், அவ்வளவுதான். நீ இப்போது நிற்பது சரியாக அந்த ஒரு வருஷத்துக்குள். செக்யூரிட்டி ஏஜென்சி அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

மத்திய அரசில் குரூப் சி பணியிடங்களில் நமக்கு 10 சதவீதம். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலைக்கு 14.5, கடைநிலை வேலைகளுக்கு 24.5. ‘நான் டிகிரி இல்லையே அண்ணே’ என்பாய். பத்தாவது தேறி 15 வருஷச் சர்வீஸும் ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றும் இருந்தால் கிளார்க் தேர்வுக்கு அது போதும். வயசுக்கும் பயப்படாதே. வயசிலிருந்து சர்வீஸைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். 37-இல் 17 போனால் நீ 20 வயசுப் பையன்! படிக்கத்தான் வேண்டும். ரொம்ப நாள் கழித்து வட்டிக் கணக்கு போட உட்கார்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. தமிழ் எழுதவே கை தடுமாறியது, றன்னகரமும் டண்ணகரமும் சண்டை போட்டுக்கொண்டன.

பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. கோட்டாவில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்தச் சலுகை போய்விடும். ஆனால் 14-8-2014 தேதியிட்ட மத்திய அரசு உத்தரவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சேருவதற்கு முன் எந்தெந்த வேலைக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தாய் என்று, சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வேலைகளுக்குச் சலுகை தொடரும். என்னோடு சேர்ந்த ஒருவர் இதைத் தெரியாமல் விட்டார். முதலில் வங்கியில் கடைநிலை வேலை, அப்புறம் கிளார்க் ரிசல்ட் வந்தது, கோட்டாவில் எடுக்கவில்லை. அதனால் இன்றைக்கே 20 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி: தேதி, பதிவு எண், வேலை. பிரிண்ட் எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டிவை.

சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சிப்பாய் முதல் சுபேதார் வரை, மறுவேலைச் சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கழிக்க மாட்டார்கள். இரண்டும் முழுசாக வரும்.

இன்னொன்று, பெயர். ராணுவத்துக்காரன் இன்ஷியலைப் பின்னால் தள்ளி, அப்பா பெயரை இழுத்து ஒட்டி வைத்திருப்பான். மார்க்ஷீட்டில் வேறு மாதிரி இருக்கும். மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டரில், அதாவது நம் சொந்த விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவில், சரியாக ஏறியிருக்கிறதா என்று இப்போதே கிளார்க்கிடம் உட்கார்ந்து பார். சர்வீஸில் இருக்கும்போது யூனிட்டிலேயே முடிகிற வேலை இது. வெளியே வந்தபிறகு என்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் மேல் கடிதம்தான்.

உன் மார்க்ஷீட் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறதாம், நேற்று அம்மாவிடம் கேட்டேன். முதலில் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. பெயரை நான் ஒத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்
அண்ணன்