இரண்டாவது கப்பல்

பாளையங்கோட்டை

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததும் மனம் நிறைந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். தம்பி போன மாதம் பணி ஓய்வு பெற்றான். மறுநாளே மொட்டைமாடியில் தக்காளியும் கத்தரியும் வைப்பதற்கு மண் சுமக்க ஆரம்பித்துவிட்டான். தாமிரபரணியில் இந்த ஆண்டு தண்ணீர் நன்றாக ஓடுகிறது.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததுதான் என்னை விடவில்லை. உங்கள் தெருமுனையில் நடந்த பொதுக்கூட்டத்தைக் கேட்டுவிட்டு, "நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைக் கண்டாலே இப்போது பயமாக இருக்கிறது. பேச்சுக் கலையே மனிதனை ஏமாற்றத்தான் பிறந்தது போலும்" என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் என்னைப் பேச்சுப் போட்டிக்குக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றவள் நீ. உன்னிடமிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அதனால்தான் இந்த நீண்ட பதில்.

நீ சொன்னதையே கி.மு. 427-இல், பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகர மக்கள் சபையில் ஒருவன் சொன்னான். அவன் பெயர் கிளியோன். லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து, முற்றுகைக்கு ஆளாகிச் சரணடைந்திருந்தது. கோபம் தலைக்கேறிய சபை, அந்த நகரத்தின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொன்றுவிடுவது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்தது. அங்கிருந்த தளபதி பாக்கீஸுக்கு ஆணையைக் கொண்டுபோக ஒரு கப்பலும் புறப்பட்டுவிட்டது. இரவு கழிந்தது. விடிந்ததும் பலருக்கு மனம் உறுத்தியது. குற்றம் செய்தவர்களை மட்டும் தண்டிக்காமல் ஒரு நகரத்தையே அழிப்பதா என்று பேச்சு எழுந்தது. சபை மறுபடி கூடியது.

முதல் நாள் தீர்மானத்தைக் கொண்டுவந்த கிளியோன் எழுந்து, ஏதென்ஸ் மக்களைத் திட்டினான். நீங்கள் பேச்சைக் கூத்துப் பார்ப்பது போலப் பார்க்கிறீர்கள், சாமர்த்தியமான சொல்லுக்கு மயங்குகிறீர்கள், இரக்கமும் இனிய பேச்சும் பேரரசுக்கு ஆகாதவை என்றான். கவனித்தாயா? அன்று பேச்சை நம்பாதே என்று முழங்கியவன்தான் கொல்லச் சொன்னவன். அந்த முழக்கமும் நன்றாகக் கட்டப்பட்ட பேச்சுதான். ஆகவே பேசத் தெரிந்தவர்களிடம் உனக்கு வந்த பயத்தை நான் தவறென்று சொல்லவில்லை. அதைக் கலையின் மீதே திருப்புகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும் என்கிறேன்.

அவனுக்கு மறுமொழி சொன்னவன் டியோடோடஸ். இந்த ஒரு பேச்சைத் தவிர அவனைப் பற்றி வரலாற்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அவன் இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சவில்லை, மங்கை. இரக்கத்தின் பேரால் நான் பேசவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னான். உங்களுக்கு எது லாபம் என்று மட்டும் பார்ப்போம் என்றான். மரண தண்டனைக்கு அஞ்சி எந்த ஊரும் கிளர்ச்சியைக் கைவிட்டதில்லை. சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் அடுத்த ஊர் கடைசிவரை போராடும், உங்களுக்குப் பாழான நகரம்தான் மிஞ்சும், கப்பம் வராது. மிட்டிலீனின் எளிய மக்கள் கையில் ஆயுதம் கிடைத்ததும் நகரத்தை உங்களிடம் ஒப்படைக்க வழி செய்தார்கள். அவர்களையும் கொன்றால், இனி எல்லா ஊர்களிலும் சாமானியர்கள் உங்களுக்கு எதிராகத்தான் நிற்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினான்.

அந்தச் சபையில் இருந்தவர்களுக்கு அன்று காலையிலேயே இரக்கம் வந்துவிட்டது. ஆனால் இரக்கத்துக்காக முடிவை மாற்றினால் பலவீனம் என்று கிளியோன் சொல்லிவிட்டான். அவர்கள் மனம் மாறுவதற்கு மானக்கேடு இல்லாத ஒரு வழி தேவைப்பட்டது. டியோடோடஸ் அந்த வழியைத் திறந்து வைத்தான். அவனுக்கு இரக்கம் இருந்ததா என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை. இருந்தது, அதை அவன் மறைத்துக்கொண்டான் என்றுதான் நான் நம்புகிறேன்.

கைகளை உயர்த்தி வாக்களித்தபோது ஏறக்குறையச் சமமாக இருந்தது. டியோடோடஸின் பக்கம் மயிரிழையில் வென்றது. உடனே இரண்டாவது கப்பல் கிளம்பியது. முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போயிருந்தது. மிட்டிலீன் தூதர்கள் திராட்சை மதுவும் பார்லி மாவும் கொடுத்து, முந்திவிட்டால் பெரும் பரிசு உண்டு என்றார்கள். துடுப்பு வலித்தவர்கள் மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள். ஒரு பகுதியினர் உறங்க, மற்றவர்கள் வலித்தார்கள். எதிர்க்காற்று இல்லை. கொடிய வேலைக்குப் போன முதல் கப்பலோ அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாக்கீஸ் ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றப் போகும் நேரத்தில் இரண்டாவது கப்பல் கரையைத் தொட்டது. இதை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், பேச்சுகளை அந்தந்தச் சூழலுக்குப் பொருந்தும்படி தானே அமைத்ததாக ஒப்புக்கொள்கிறார். ஆகவே சொற்கள் அவருடையவையாக இருக்கலாம். கப்பல் கப்பல்தான். கிளர்ச்சியை நடத்தியவர்களென ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்களை, ஆயிரத்துக்கும் சற்று அதிகமானோரை, கிளியோனின் தீர்மானப்படி கொன்றார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கப் புலவர் கோவூர் கிழார் நினைவுக்கு வருகிறார். வகுப்பில் புறநானூற்று 46-ஆம் பாட்டை நடத்தும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். யானை வந்துவிட்டது. புலவர் முதலில் அரசனிடம் அவன் குலத்தைச் சொல்கிறார்: நீ ஒரு புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன். அடுத்து அந்தப் பிள்ளைகளின் குலத்தை: இவர்கள் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்துக் கொடுத்து உண்டவர்களின் வழியில் வந்தவர்கள். அதன்பின் கண்ணெதிரே நிற்பதைக் காட்டுகிறார். யானையைக் கண்டு அழுத குழந்தைகள், இப்போது அழுகையை மறந்துவிட்டு, புதிய இடமான மன்றத்தை மருண்டு மருண்டு பார்க்கிறார்கள். தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். விட்டுவிடு என்று புலவர் சொல்லவே இல்லை. "கேட்டனை ஆயின்நீ வேட்டது செய்ம்மே" என்று முடித்துவிடுகிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம்.

ஏதென்ஸில் ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தார்கள், அவர்களிடம் லாபக் கணக்கைப் பேச வேண்டியிருந்தது. இங்கே முடிவெடுப்பவன் ஒரே ஒருவன். அவனிடம் லாபம் பேசினால் எடுபடாது, அவன் யார் என்பதை அவனுக்கே நினைவூட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் பேசியவர்கள் முடிவைக் கேட்பவரின் கையிலேயே விட்டுவிட்டார்கள். பாட்டைக் கேட்டுச் சோழன் பிள்ளைகளை விட்டான் என்பது அந்தப் பாட்டின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது.

அதே புறாவைக் கண்ணகியும் மதுரைக்குக் கொண்டுவருகிறாள், நினைத்துப் பார். பாண்டியன் நீ யார் என்று கேட்டதும், புறாவின் துயர் தீர்த்தவனும் பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகாரே என் ஊர் என்று தொடங்குகிறாள். கோவூர் கிழாரிடம் அரசனைத் தன் குலத்தோடு கட்டிப்போட்ட அந்தக் கதை, கண்ணகியின் வாயில் அயல் அரசனை நாணவைக்கும் கதையாகிவிடுகிறது. கணவன் பெயரையும் அவன் கொலையுண்டதையும் சொன்ன பிறகு, கடைசியில்தான் தன் பெயரைச் சொல்கிறாள். பேச்சு வென்றது, சிலம்பு உடைந்து மாணிக்கம் அரசன் முகத்துக்கு நேரே தெறித்தது. ஆனால் கோவலன் ஏற்கெனவே இறந்துவிட்டான். அந்தப் பேச்சு ஒரு நாள் முன்னால் நடந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தோற்றுப்போன இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு நான் பாதிதான் பதில் சொன்னவளாவேன். மிட்டிலீனுக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே ஏதென்ஸ் மேலோஸ் என்ற சிறு தீவின் மீது படையெடுத்தது. தூதர்களாகப் போனவர்கள் அழகான பேச்செல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மேலோஸ் மக்கள் கூடிய சபையும் இல்லை, அதிகாரிகள் முதலான சிலருடன் மட்டும் கேள்வியும் பதிலுமாகப் பேச்சு நடந்தது. நியாயம் என்பது சமபலம் உள்ளவர்களுக்கு இடையில்தான், வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பொறுத்துக்கொள்வான் என்பதே அவர்கள் நிலை. மேலோஸ் வீழ்ந்தது. பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள். இந்த முறை இரண்டாவது கப்பல் இல்லை.

சில மாதங்களில், கி.மு. 415 வசந்தத்தில், நாடகக் கவிஞர் யூரிபிடீஸ் தம் 'டிராய் பெண்கள்' நாடகத்தை ஏதென்ஸ் அரங்கில் ஏற்றினார். வீழ்ந்த நகரம், சிறைப்பட்ட பெண்கள், மதிலிலிருந்து வீசப்படும் குழந்தை. மேலோஸின் பெயர் அதில் வராது. மேலோஸை மனதில் வைத்தே எழுதினாரா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும், அதைப் பார்த்தவர்கள் மேலோஸை நினைக்காமல் இருந்திருக்க முடியாது. அதில் ஒரு காட்சி வழக்காடுதல்போலவே அமைந்தது. டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலன், தன் கணவனும் ஸ்பார்ட்டா அரசனுமான மெனலாஸ் முன்னிலையில் தனக்காக வாதாடுகிறாள். டிராயின் முதிய அரசி ஹெக்யூபா அவள் வாதத்தை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். மெனலாஸ் ஹெக்யூபாவின் பக்கமே நியாயம் என்கிறான், ஊருக்குப் போனதும் ஹெலனைக் கொல்வேன் என்கிறான். ஹெலன் ஸ்பார்ட்டாவில் அவனோடு சுகமாக வாழ்ந்தாள் என்று ஹோமரின் காவியங்களைக் கேட்டு வளர்ந்த பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தெரியும். வாதத்தில் வென்றவள் அடிமையாகப் போகிறாள், தோற்றவள் அரண்மனைக்குப் போகிறாள். இதை அந்தச் சபைக்காரர்களின் முகத்துக்கு நேரே நடத்திக் காட்ட ஒரு கவிஞனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாடகப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது.

தை மாதம் தங்கை மகள் திருமணத்துக்காகத் திருச்சி வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்குவேன், மாப்பிள்ளையிடம் சொல்லி வை. புறநானூற்றையும் எடுத்து வருகிறேன். 45, 46, 47 மூன்றுமே கோவூர் கிழாருடைய பாட்டுகள், மூன்றுமே ஒரு கொடுமையைத் தடுக்க எழுந்தவை. 45-இல் உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் உள்ளே இருந்த நெடுங்கிள்ளியையும் சமாதானம் செய்யப் பார்க்கிறார். 47-இல் இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று கொல்லப்போன நெடுங்கிள்ளியைத் தடுக்கிறார். அதுவும் உன் உறையூரில்தான். கண் முழுவதும் சரியாகிவிட்டால் நீயே எனக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
ராஜி