பாறைக்கு ஊற்றத் தண்ணீர் இருந்தது, அம்மாவுக்கு இல்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வேலி ஆஃப் ஃபயர் அரை நாள் சுற்றுலா, பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு

வணக்கம்.

போன சனிக்கிழமை நானும் மனைவியும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் லாஸ் வேகஸிலிருந்து உங்கள் வேனில், பழங்காலப் பாறைச் செதுக்கல்கள் இருக்கும் வேலி ஆஃப் ஃபயர் பூங்காவுக்குப் போனோம். தலைக்கு 110 டாலர். முன்பதிவின்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதை எப்படி இருக்கும்? சமதளம்தான், வயதானவர்கள் தாராளமாக நடக்கலாம் என்று பதில் வந்தது, அதை இணைத்திருக்கிறேன். அங்கே நாங்கள் நடந்த மவுஸஸ் டேங்க் பாதை போக வர முக்கால் மைல்தான், பெரிய ஏற்றமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால் புதையும் மணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவைச் செருப்போடு கூட்டி வந்திருக்க மாட்டேன்.

ஏழு மணிக்கு வர வேண்டிய வேன் எட்டுக்கு வந்தது. அப்புறம் நான்கு ஓட்டல்களில் ஆள் ஏற்றி, நடுவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தி (இது உங்கள் பயணத் திட்டத்தில் எங்கே இருந்தது?), நாங்கள் மணலில் கால் வைத்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போது பார்க்க வேண்டிய செதுக்கல்கள் அவை. உச்சி வெயிலில் பாறை மொத்தமும் கண்ணைக் கூசியது.

வழிகாட்டி வேன் நிழலில் நின்றபடியே, நேராகப் போங்கள், இரண்டு பக்கமும் படம் இருக்கும், 25 நிமிடத்தில் வந்துவிடுங்கள் என்றார். இதற்கு மவுஸ் என்று ஏன் பேர் என்று அம்மா கேட்கச் சொன்னார், கேட்டேன். இங்கே எலி அதிகம் என்றார்! 1890களில் அங்கே ஒளிந்திருந்த, மவுஸ் என்று அழைக்கப்பட்ட பையூட் என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்துக்காரர் ஒருவரின் பேர் அது. டேங்க் என்பது மழைநீர் தேங்கும் பாறைக்குழி.

அம்மாதான் முதலில் அந்த ஆட்டைக் கண்டுபிடித்தார். கறுத்த பாறையில் விரல் நீளத்துக்கு ஒன்று, கொம்பு முதுகு வரை வளைந்து. "நம்ம வரையாடு மாதிரியே இருக்கேடா" என்று அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து இன்னொரு குடும்பத்தோடு வந்த வழிகாட்டி, போட்டோவில் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி ஒரு பாட்டில் தண்ணீரை அந்தப் பாறையில் ஊற்றினார். கூட வந்த பையன் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஆட்டின் கொம்பை அதே தடத்தில் கீறினான், இவர் சிரித்துக்கொண்டு நின்றார். தடுத்தது என் மனைவி.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லை. மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த மெல்லிய படலம், அதைக் கொத்தி எடுத்து அடியில் இருக்கும் வெளிர்நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். கீறினால் திரும்ப வராது. கை எண்ணெய் பட்டாலே கெடும் என்றுதான் தொடாதீர்கள் என்கிறார்கள். இது எனக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் காட்டிச் சம்பாதிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில்தான் கொடுத்திருந்தீர்கள். அம்மாவுடையது அதற்குள் காலி. இன்னொன்று கேட்டதற்கு, வேனில் இருக்கிறது, போய்க் குடிக்கலாம் என்றார், கையில் அந்தப் பாறைக்கு ஊற்றியது போக மிச்சம் இருந்த பாட்டிலோடு.

அட்லாட்டில் ராக்? இரும்புப் படி ஏறி, அட்லாட்டில் என்ற ஈட்டி எறியும் கருவியின் செதுக்கலைப் பக்கத்தில் பார்ப்பது என்று உங்கள் திட்டத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நேரமில்லை என்று வேன் கண்ணாடி வழியாகக் கை காட்டினார், அவ்வளவுதான்.

330 டாலரில் 165ஐத் திருப்பி அனுப்புங்கள், மணலுக்கும் தாமதத்துக்கும் அது போதும். பாறை விஷயத்தில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும், பூங்கா அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். அப்புறம், அன்றைக்கு எடுத்த அந்த ஈரப் பாறைப் படம் நேற்று உங்கள் விளம்பரத்தில் வந்திருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.